பெரட்டில் இல்லாத பெயர்

1

எங்கள் தோட்டத்துக்குப் புதுத் துரை வந்து மூன்று வாரம் ஆகிறது. முதல் வாரம் ரப்பர் மரங்களைப் பார்த்தார். இரண்டாம் வாரம் ரப்பர் உலர்த்தும் புகைக்கூண்டைப் பார்த்தார். மூன்றாம் வாரம் என்னைப் பார்த்தார். நேற்று என் மேசைமேல் அவர் கையெழுத்தில் ஒரு காகிதம் கிடந்தது. தினமும் காலையில் பெயர் கூப்பிடுவதற்கு முன்னால், ரப்பர் மரத்தில் பால் வெட்டும் பெண் ஒருத்தி வரிசையை விட்டு வெளியே வந்து பெரிய கிராணியிடம் என்னவோ கேட்கிறாள், கிராணியும் பதில் சொல்கிறார், அதற்குப் பிறகே வேலை தொடங்குகிறது, இது எந்த விதியின்படி நடக்கிறது என்று எழுத்தில் தெரிவிக்கவும் என்று கேட்டிருந்தார்.

பெரிய கிராணி என்பது நான்தான். ஊரில் குமாஸ்தா என்பதை இங்கே கிராணி என்பார்கள். மலாயாவில், லாபிஸ் ரயிலடியிலிருந்து மாட்டு வண்டியில் ஒன்றரை மணி நேரம் உள்ளே வந்தால் நான் இருக்கும் இடம். விடியற்காலையில் ஆபீஸ் முன்னால் இருக்கிற களத்தில் அத்தனை ஆட்களும் வரிசையாக நிற்பார்கள். நான் செக்ரோல் என்கிற வருகைப் புத்தகத்தைப் பிரித்துப் பெயர் கூப்பிடுவேன். இதற்குப் பெயர் பெரட்டு. "வந்தேங்க" என்று குரல் வந்தால் அன்றைக்கு அந்த ஆளுக்கு வேலை உண்டு. வராவிட்டால் இல்லை. இருபத்திரண்டு வருஷமாக இதைச் செய்து வருகிறேன்.

துரை கேட்ட கேள்விக்கு மூன்று வரியில் பதில் எழுத வேண்டியிருந்தது. மூன்று வரியில் அடங்காததை உங்களுக்கு எழுதுகிறேன். நான் ஊசி போட்டுக்கொள்ளத் தொடங்கி இந்த மாதத்தோடு ஆறு வருஷம் நிறைகிறது. ஊரில் என்னைப்பற்றி விசாரிப்பவர்கள் "இன்னும் இருக்கிறானா" என்றுதான் விசாரிக்கிறார்களாம். இருக்கிறேன். எப்படி இருக்கிறேன் என்பதுதான் கதை.

2

எனக்கு நீரிழிவு. மலாய்க்காரர்கள் இதை 'கென்சிங் மானிஸ்' என்கிறார்கள், இனிப்பு மூத்திரம் என்று அர்த்தம். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாத நல்ல ஜனங்கள்.

இந்த நோய் எனக்குப் புதிதல்ல. என் அக்காள் செல்லம்மாவுக்கு இருந்தது. அவளுக்குப் பதின்மூன்று வயது, எனக்குப் பத்து. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள், வெயிலில் வைத்த கீரைபோல நாளுக்கு நாள் வாடினாள். வைத்தியர் அரிசியை நிறுத்தினார், வெல்லத்தை நிறுத்தினார், கடைசியில் அவளுக்குக் கிடைத்தது தவிட்டுக் கஞ்சியும் கஷாயமும். அந்த வருஷத் தீபாவளிக்கு நான் குதிருக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்து அதிரசம் தின்றுகொண்டிருந்தேன். அவள் வந்துவிட்டாள். எனக்குத் தா என்று கேட்கவில்லை. தாவணி முனையால் என் வாயை மட்டும் துடைத்துவிட்டாள், அம்மா பார்த்தால் அடிப்பாள் என்று. தை பிறப்பதற்குள் போய்விட்டாள். அவளைப்பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை. என் மனைவி காமாட்சியிடம்கூட.

அதனால் இங்கே ஒரு நாள் எங்கள் டிரெசர் சவரிமுத்து, என் நீரை நீல மருந்தோடு கலந்து விளக்கில் காட்டி, அது செங்கல் நிறமாக மாறியதைக் கண்டு தலையை ஆட்டினபோது, என் கணக்கு முடிந்தது என்றே நினைத்தேன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் கிடையாது. மருந்து கலக்குவதும் புண் கட்டுவதும் பிரசவத்துக்கு ஆள் அனுப்புவதும் டிரெசர்தான். அவர் சொன்னார்:

"பயப்படாதீங்க, கிராணியாரே. இப்ப இதுக்கு ஒரு ஊசி வந்திருக்கு. சிங்கப்பூர்ல இருந்து தருவிச்சுக்கலாம். தினம் ரெண்டு வேளை குத்திக்கணும், அவ்வளவுதான். செத்துப்போற வியாதி இல்ல இது இப்ப."

இன்சுலின் என்று அதற்குப் பெயர். ஐஸ் கட்டிக்கு நடுவே மரத்தூளில் புதைந்து ரயிலில் வரும். ஆஸ்பத்திரியில் ஈர மணல் நிரப்பிய பானைக்குள் சவரிமுத்து அதை வைத்துக் காப்பாற்றுகிறார். அது மாட்டின் உடம்பிலிருந்தும் பன்றியின் உடம்பிலிருந்தும் எடுக்கப்படுகிறது என்று தெரிந்தால் என் அத்தை வீட்டார் என்னைப் பந்தியில் சேர்க்கமாட்டார்கள். சேர்க்கவேண்டாம். முதல் புட்டி தீர்வதற்குள் என் தாகம் அடங்கியது. இரண்டாம் மாதம் சட்டை இறுகியது. யாரோ முகம் தெரியாத வெள்ளைக்காரர்கள் எங்கேயோ உட்கார்ந்து கண்டுபிடித்ததைச் சிறு கண்ணாடிப் புட்டியில் ஏந்திப் பார்க்கும்போதெல்லாம், முப்பது நாற்பது வருஷம் முந்திக் கண்டுபிடித்திருக்கக் கூடாதா என்று அழுகை வரும். கையெடுத்துக் கும்பிடவும் தோன்றும்.

3

ஊசி கொடுத்தபோது சவரிமுத்து ஒன்று சொன்னார். "குத்தின அரை மணியில சாப்பிட்ரணும். சாப்பாடு தள்ளிப்போனா சீனி ரொம்ப இறங்கிடும். வேர்க்கும், கை நடுங்கும், புத்தி தடுமாறும். உடனே இனிப்பு வாயில போடுங்க. பையில எப்பவும் கற்கண்டு இருக்கட்டும்."

எனக்கு ஒரு வீம்பு இருந்தது. பெரட்டு முடியாமல் பச்சைத் தண்ணீருக்கு மேல் எதுவும் வாயில் வைப்பதில்லை. முந்நூறு பேர் நிற்கிறபோது கிராணி ஏப்பம் விட்டுக்கொண்டு வரலாமா என்பது என் வாதம். ஊசியைப் போட்டுக்கொண்டு போய், பெயர் கூப்பிட்டுவிட்டு, ஓடிவந்து சாப்பிடுவேன். மழை இல்லாத நாளில் இது நடந்துவந்தது. மழை பெய்தால் மரம் காய்கிறவரையில் பெரட்டு தள்ளிப்போகும், அதை நான் யோசிக்கவில்லை.

இன்னொன்றும் செய்தேன், அதாவது செய்யவில்லை. சீனி இறங்குகிற விஷயத்தைக் காமாட்சியிடம் சொல்லவில்லை. ஏற்கெனவே பயந்திருக்கிறாள், இது வேறா என்று விட்டுவிட்டேன். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் சீனி வியாதிக்குச் சீனி விஷம் என்பதுதான். சீனி டப்பாவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினாள். லயங்களில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசைகளில், வாசல் வாசலாகப் போய், "எங்க வீட்டுக்காரர் இனிப்புக் கேட்டா குடுத்துராதீங்கம்மா" என்று கும்பிட்டாள். சீனன் கடைக்கும் சொல்லி அனுப்பினாள். சட்டையைத் துவைக்கும்போது பையில் இரண்டு கற்கண்டுக் கட்டி அகப்பட்டது. திருட்டுத் தீனி என்று முடிவுகட்டி எடுத்துவிட்டாள். தோட்டம் முழுவதும் ஒன்றுசேர்ந்து என்னை இனிப்பிலிருந்து காவல்காத்தது. அந்த அன்பை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது. அந்த அன்புதான் என்னைக் கொன்றிருக்கும்.

ஒரு மழை நாள். ஊசி போட்டுக்கொண்டு போய்க் களத்தில் ஒன்றேகால் மணி நேரம் காத்திருந்தேன். பிறகு பெயர் கூப்பிடத் தொடங்கினேன். மாரிமுத்துவை நாலு தரம் கூப்பிட்டேனாம். அவனும் நாலு தரமும் மரியாதையாக "வந்தேங்க" என்றானாம். பிறகு சிரித்தேனாம், செக்ரோலைச் சேற்றில் எறிந்தேனாம். எனக்கு எதுவும் நினைவில்லை. நினைவில் இருப்பது ஒன்றுதான். நான் ஆபீஸ் படியில் கிடக்கிறேன், உடம்பெல்லாம் வியர்வை, "சீனி, சீனி" என்று கெஞ்சுகிறேன். என்னைச் சுற்றி நிற்கிறவர்கள் உச்சுக்கொட்டுகிறார்கள்.

"பாவம், இந்த நேரத்திலயும் ஆசை விடல பாரு."

"சீனி ஏறிப்போச்சு. பாகக்கா சாறு கொண்டாங்க, சீக்கிரம்."

அரைத்துக் கொண்டுவந்து வாயில் ஊற்றியவள் அஞ்சலை. பால் வெட்டுகிறவள், நாற்பது வயதிருக்கும், கைம்பெண். அந்தக் கசப்பு இன்றும் நாக்கில் இருக்கிறது. நல்லவேளை, பாதியைத் துப்பிவிட்டேன். சவரிமுத்து ஓடிவந்தார். சீனி போட்டுக் காய்ச்சிய டின் பால் ஒன்றைக் கத்தியால் குத்தித் திறந்து, விரலால் தொட்டுத் தொட்டு என் ஈறில் தேய்த்தார். கால் மணியில் எழுந்து உட்கார்ந்து, ஏன் எல்லோரும் என்னை வேடிக்கை பார்க்கிறீர்கள் என்று கோபித்தேனாம்.

அஞ்சலை கையில் காலிக் கிண்ணத்தோடு நின்றாள். "அப்ப நாங்கதான் ஐயாவைக் கொல்லப் பாத்தமா, டிரெசர் ஐயா?" என்று கேட்டாள். அவள் அங்கேயே நின்று, எது முதலில் வரும், எவ்வளவு கொடுப்பது, விழுங்காவிட்டால் என்ன செய்வது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். தப்புச் செய்தவர்கள் பெரும்பாலும் அந்த இடத்தை விட்டுப் போகத்தான் பார்ப்பார்கள். அவள் கேட்டுத் தெரிந்துகொள்ள நின்றாள்.

என் மகள் ராஜம் சிகாமட்டில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். லீவில் வந்தவள் மருந்துப் பெட்டியில் இருந்த துண்டுப் பிரசுரத்தைப் படித்துவிட்டு, "அலமாக், இதுல கிளியரா போட்டிருக்கே லா. டேடி ஏன் யாருக்கும் சொல்லல?" என்றாள். மலாயும் இங்கிலீஷும் கலந்த அவள் தமிழைக் கேட்டு வருத்தப்பட்டுக்கொண்டிருந்த நான், அந்தப் பிரசுரத்தை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். காமாட்சி சாவியை இடுப்பிலிருந்து எடுத்து ஆணியில் மாட்டினாள். அதற்குப் பதில் நாலு வசவு வாங்கியிருக்கலாம்.

4

விஷயம் அப்போதிருந்த பழைய துரை காதுக்கு வேறு மாதிரி போயிற்று. காலையிலேயே கிராணி கள் குடித்துவிட்டுப் பெரட்டில் உளறினான் என்று. தள்ளாட்டம், உளறல், சிரிப்பு, புத்தகத்தை எறிதல் என்று எல்லாம் பொருந்தி வந்தது. நான் வியாதி என்றேன். அவர் அத்தாட்சி கேட்டார். டிரெசர் சொன்னது போதாது, அவர் உன் சிநேகிதர், சிகாமட் பெரிய டாக்டரிடமிருந்து இந்த மாத முடிவுக்குள் கடிதம் வர வேண்டும், அதற்குள் இன்னொரு தரம் இப்படி நடந்தால் வீட்டைக் காலிசெய் என்று எழுதிக் கையில் கொடுத்தார்.

வேலை போனால் வீடு போகும் என்பது பெரிதல்ல. தோட்டத்து ஆஸ்பத்திரி போகும், மணல் பானை போகும், அதற்குள் இருக்கிற புட்டி போகும். அந்தப் புட்டி இல்லாமல் எத்தனை நாள் தாங்கும் என்று எனக்குத் தெரியும். நான் பத்து வயதில் எண்ணிப் பார்த்தவன்.

சிகாமட்டுக்கு எழுதினேன். நிரப்ப வேண்டிய அச்சுப் பாரம் ஒன்று வந்தது. நிரப்பி அனுப்பினேன். தகப்பன் பெயர் எழுத வேண்டிய இடத்தில் ஊர்ப் பெயர் எழுதிவிட்டேன் என்று திரும்பி வந்தது. திருத்தி அனுப்பினேன். அதற்குள் ஆறு பெருகி, சிகாமட் தண்ணீரில் நின்றது, ரயில் நின்றது, தபால் நின்றது.

இந்த நாட்களில் அஞ்சலை என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு ஓர் எழுத்து தெரியாது. ஆனால் மரப்பட்டையில் ஒரு நூல் அளவு ஆழம் கூடினால் மரம் கெடும், குறைந்தால் பால் வராது என்று கையாலேயே அறிந்தவள். அந்தக் கண்ணை என்மேல் வைத்தாள். டிரெசர் சொன்ன வியர்வையும் நடுக்கமும் வருவதற்கு முன்பே எனக்கு வேறொன்று வருகிறது என்று அவள்தான் கண்டுபிடித்தாள். எனக்கு வாய் கொஞ்சம் முரடு, அதை மறைப்பானேன். ஆட்களை 'டேய்' என்றும் 'ஏய்' என்றும்தான் கூப்பிட்டு வந்தேன். சீனி இறங்கும்போது மரியாதை ஏறுகிறதாம். "அஞ்சலை அவர்களே, சற்று முன்னே வாருங்கள்" என்கிறேனாம்.

"ஐயா மரியாதையாப் பேசினா சீனி கம்மின்னு அர்த்தம்," என்று லயம் பூராவும் சொல்லி வைத்துவிட்டாள். சிரித்தார்கள். ஆனால் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். அவள் பால் வாளியோடு ஒரு சிறு மூடி டின்னும் கட்டிக்கொண்டு வரத் தொடங்கினாள். உள்ளே டின் பால்.

5

மாதம் முடிய மூன்று நாள் இருந்தது. கடிதம் வரவில்லை. அன்றைக்குப் பழைய துரையே குதிரையில் பெரட்டுக்கு வந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. நான் வழக்கம்போல ஊசி போட்டுக்கொண்டு வந்திருந்தேன். வீட்டுக்குப் போய் ஒரு வாய் சாப்பிட்டு வருகிறேன் என்று துரையிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவர் முன்னால் பலவீனம் காட்டக்கூடாது என்ற வீம்பு. பையில் கற்கண்டு இருந்தது. முந்நூறு பேர் பார்க்க அதை எடுத்து வாயில் போட்டுக்கொள்ளவும் வெட்கம். என் முட்டாள்தனத்தை எழுதும்போது பேனா கூசுகிறது, இருந்தாலும் எழுதத்தான் வேண்டும்.

மழை விட்டது. கூப்பிடத் தொடங்கினேன். நாற்பது ஐம்பது பெயர்வரை சரியாகப் போனது. பிறகு எழுத்துக்கள் நீந்தின. அடுத்த பெயர் என்னவென்று தெரியவில்லை. ஆனால் வாயில் ஒரு பெயர் இருந்தது.

"செல்லம்மா," என்றேன்.

பதில் இல்லை. எங்கள் தோட்டத்தில் செல்லம்மா என்று யாருமே கிடையாது.

"செல்லம்மா எங்கே? தயவுசெய்து கூப்பிடுங்கள்," என்றேனாம், அத்தனை பணிவாக.

துரை குதிரையைவிட்டு இறங்கினார். அப்போது மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"வந்தேங்க."

அஞ்சலை வாளியைக் கீழே வைத்துவிட்டு நடந்து வந்தாள். துரைக்குக் கொஞ்சம் தமிழ் வரும். "நீ போ. வரிசை போ," என்றார். அவள் நிற்கவில்லை. என்னைத் தோளைப் பிடித்துப் படியில் உட்காரவைத்தாள்.

"துரை, பத்து நிமிசம் பொறுங்க. குடிச்சவன் பத்து நிமிசத்துல தெளிய மாட்டான். இவர் தெளிஞ்சிருவாரு. தெளியலன்னா என் பேரையும் சேத்து வெட்டிருங்க."

வேலையே வாழ்வாக இருந்தவள் அதைச் சொன்னாள். பிறகு என் தாடையை நிமிர்த்தி, "முழுங்குங்க பாக்கலாம்" என்று ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். விழுங்கினேன். அப்புறம்தான் டின்னைச் சாய்த்தாள். ஊரில் இதைப் படிக்கிற சிலர், யார் கையால் யார் குடித்தான் என்று முகம் சுளிப்பார்கள். தாராளமாகச் சுளியுங்கள்.

துரை குனிந்து என் வாயை முகர்ந்தார். பால் வாசனை. கடிகாரத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பத்து நிமிஷம் ஆகவில்லை, எட்டாவது நிமிஷத்தில் எழுந்தேன் என்கிறார்கள். செக்ரோலை எடுத்து, விட்ட இடத்தைத் தேடிப் பிடித்து, மிச்சப் பெயர்களை ஒன்று விடாமல், தடுமாறாமல் கூப்பிட்டு முடித்தேன். அஞ்சலை முறை வந்தபோது அவள் மறுபடியும், "வந்தேங்க" என்றாள்.

துரை கடிகாரத்தைப் பையில் போட்டார். என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், சாப்பிட்டாயா என்று. இல்லை என்றேன். சாப்பிட்டுவிட்டு வேலைக்கு வா, இனி தினமும் சாப்பிட்டுவிட்டே வா, இது உத்தரவு என்றார். டாக்டர் கடிதம் ஒன்பது நாள் கழித்து வந்தது. பிரிக்காமலே கோப்பில் வைக்கச் சொன்னார்.

அன்று மத்தியானம் அஞ்சலை ஆபீஸ் வாசலுக்கு வந்தாள். "செல்லம்மா யாருங்க?" என்று கேட்டாள். நாற்பது வருஷத்துக்குப் பக்கமாக யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன், அதிரசம்வரைக்கும். கேட்டுவிட்டு, "அந்தப் புள்ளைக்கு அப்ப ஊசி இல்லாமப் போச்சே," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாளிலிருந்து இந்த வழக்கம் வந்தது. பெரட்டுக்கு முன்னால் அவள் வெளியே வந்து கேட்பாள்: "சாப்பிட்டீங்களா? என் பேரு என்னங்க?" நான் சாப்பிட்டேன் என்று சொல்லி அவள் பெயரையும் சொல்ல வேண்டும். சொன்னால்தான் மற்றவர்களின் பெயரை நான் கூப்பிடலாம்.

6

ராஜம் இப்போது ஜொகூர்பாருவில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை பார்க்கிறாள். கடிதமெல்லாம் இங்கிலீஷில்தான். ஆனாலும் கடைசி வரியை மட்டும், எழுத்துக்கள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்துகொண்டிருந்தாலும், தமிழில் எழுதுகிறாள்: "சாப்பிட்டு பிறகு பேர் கூப்பிடவும்." என் மகள் தூரமாகப் போய்க்கொண்டிருக்கிறாள் என்று வருந்துகிற நாட்களில் அந்த வரியை எடுத்துப் பார்ப்பேன்.

புதுத் துரைக்கு நேற்றே பதில் எழுதிவிட்டேன். இங்கிலீஷில் எழுதியதை உங்களுக்குத் தமிழில் தருகிறேன்: "இதற்கு விதி எதுவும் இல்லை. தோட்டத்தில் முந்நூறு பேர் வந்திருக்கிறார்களா என்று நான் பார்க்கிறேன். நான் வந்திருக்கிறேனா என்று பார்ப்பவள் அந்தப் பெண். அவள் பார்க்கத் தொடங்கிய நாளிலிருந்து பதினொரு தரம் நான் வந்திருக்கவில்லை. பதினொரு தரமும் அவளே போய் அழைத்து வந்தாள்."

இன்று காலை புதுத் துரை களத்துக்கு வந்து ஓரமாக நின்றார். அஞ்சலை வரிசையிலேயே தயங்கினாள்.

"துரை நிக்கிறாரு. இன்னிக்கு வேண்டாங்களா?"

"வா," என்றேன்.

வந்தாள். தலை நரைத்துவிட்டது, இடுப்பில் அதே மூடி டின். "சாப்பிட்டீங்களா?"

"இரண்டு இட்டிலி."

"என் பேரு என்னங்க?"

என் புத்தி தெளிவாகத்தான் இருந்தது. இருந்தும் வாயில் அந்தப் பெயர்தான் வந்தது.

"செல்லம்மா."

அவள் கை டின்னுக்குப் போயிற்று. பிறகு கிட்டே வந்து என் கண்ணைப் பார்த்தாள். புறங்கையால் என் நெற்றியைத் தொட்டாள். காய்ந்திருந்தது. டின்னிலிருந்து கையை எடுத்தாள். முந்தானை முனையை எடுத்து என் வாயோரத்தில் ஒட்டியிருந்த இட்டிலியைத் துடைத்துவிட்டாள்.

"வந்தேங்க," என்றாள். "நேரமாவுது. பேரைக் கூப்பிடுங்க."